புளியரை ஏற்றத்தில் கார் முக்கினால்: ஊருக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஊரில் அப்பாவுடைய கார் இருக்கும், வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஷெட்டிலேயே நிற்கும். நாம் வந்ததும் அஞ்சு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அது தமிழ்நாடு-கேரள எல்லை மலையில் இருக்கும் ஆரியங்காவு கணவாயைத் தாண்டணும் என்று நினைக்கிறோம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, அப்புறம் ஒரு உதறு உதறி இழுக்கும். இதைத்தான் நம்மூரில் பிக்கப் இல்லை, மிஸ்ஸிங் அடிக்குது என்பார்கள்.

எனக்கு நடந்தது இது. ஜூலை மாசம், குற்றால சீசன், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. வந்த மூணாம் நாளே கார் திக்க ஆரம்பித்தது. டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டோம், காரின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைக் காட்டும் ஸ்கேனர்கூடப் போடாமல் பெட்ரோல் பம்ப் போயிடுச்சு என்று சொல்லி ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். சமதளத்தில் பரவாயில்லாமல் ஓடியது, நாங்களும் நம்பிவிட்டோம். திரும்பும் நாள், ராத்திரி ஃபிளைட், சித்தப்பா மகன் ஓட்டினான். மலையடிவாரப் புளியரை தாண்டி எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் மிதித்தபோது வண்டி செத்துச் செத்துப் பிழைத்தது. கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரை எப்படியோ ஏறி நிறுத்தினோம்.

ஆரியங்காவில் ஒரு சின்ன பட்டறை. மெக்கானிக் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசுவார். பானெட்டைத் திறக்கும் முன் "வலிக்குன்னில்ல, அல்லே?" என்றார். அவர்கள் பாஷையில் வலிப்பது என்றால் இழுப்பது, இது தெரியாவிட்டால் எங்கே வலிக்கிறது என்று குழம்புவீர்கள். அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். எஞ்சின் சூடாவதற்கு முன்னாலா, பின்னாலா? ஏற்றத்தில் மட்டுமா, சமதளத்திலுமா? மிதிக்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஏறுகிறதா, அதுவும் சேர்ந்து தயங்குகிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஆகவே ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன் நீங்களே கவனித்து வையுங்கள். முள் சட்டென்று ஏறி வேகம் மட்டும் ஏறவில்லை, கருகின வாடையும் வருகிறது என்றால் அது கிளட்ச், எஞ்சினை நோண்ட வேண்டாம். கால் வைத்த அந்த முதல் நொடியில் மட்டும் தடுமாறினால் எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி, ஏதாவது ஹோஸில் காற்றுக் கசிவு, சென்சார் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சமதளத்தில் சரியாக ஓடி ஏற்றத்தில் மட்டும் முக்கினால் பெட்ரோல் போதுமான அழுத்தத்தில் வரவில்லை, காற்று அடைபட்டிருக்கிறது, அல்லது பிளக்கும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலும் சுமை தாங்கவில்லை. மழைக்கு அப்புறம் மட்டும் என்றால் பிளக் குழியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். எஞ்சினைப் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவ விடவே விடாதீர்கள்.

அவர் எங்கள் வண்டியில் முதலில் கழற்றியது ஏர் ஃபில்டர் டப்பாவை. உள்ளே தேங்காய் நாரும், உமியும், கிழிந்த துணியும் சேர்த்து ஒரு எலி அழகாகக் கூடு கட்டியிருந்தது. ஃபில்டரின் ஒரு மூலை கடித்துத் துளையாகியிருந்தது. டப்பாவுக்குப் பக்கத்தில் சென்சாருக்குப் போகும் ஒயரில் மேல்தோல் போய் செம்பு பளபளத்தது. குலுக்கலில் அது விட்டுவிட்டுத் தொடர்பு இழந்திருக்கிறது. கூட்டை அள்ளிப் போட்டார், காற்றடித்தார், ஒயரை வெட்டி ஒட்டி டேப் சுற்றினார். முக்கால் மணி நேரம்தான் ஆச்சு. தென்மலை இறங்கி, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புது ஃபில்டரைத் தம்பி திரும்பி வந்து மாற்றினான். ஒன்பதாயிரத்துக்குப் போட்ட பம்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் சொல்கிறேன், காசு குறைவானதையும் கண்ணால் பார்க்கக் கூடியதையும் முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டரை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் தெரியவேண்டும். பிளக்கைக் கழற்றச் சொல்லி நுனியைப் பாருங்கள், காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாக, காற்று குறைவாகப் போகிறது, வெள்ளை வெளேர் என்றால் அதற்கு எதிர்மாறு.

ஸ்கேனர் போடாமல் எந்தப் பார்ட்ஸையும் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் இருக்கும், கைபேசியோடு இணையும் சின்னக் கருவியை நீங்களே பெட்டியில் கொண்டுவரலாம். அதில் பி0171 என்று பிழை எண் வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியாக இருந்தால் முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பிழை எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் கெட்டது, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் அப்படியே ஏற்றத்தில் அழுத்தி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கருக்கிவிடும், அதன் விலை இதையெல்லாம்விடப் பெரியது.

மாசக்கணக்கில் நின்ற பெட்ரோலும் ஒரு காரணம். இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் கொஞ்சம் கிடந்தால் டேங்க் நிறையப் புதுசு போட்டு ஓட்டுங்கள், புளிச்ச வாடை அடித்தால் இறக்கிவிடுங்கள். டீசல் வண்டி என்றால் ஃபில்டரில் தண்ணீர், டர்போ ஹோஸில் கிழிசல் இரண்டையும் பாருங்கள். 2020க்குப் பின் வந்த டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் உண்டு, தெருவுக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலேகூடச் சில சமயம் வண்டி இழுக்காது. மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்கில் நின்றால் பின்சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும், தொட்டுவிடாதீர்கள். அப்புறம் வெளிநாட்டில் பெரிய ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகினவர்கள் இங்கே சின்ன எஞ்சினை மூன்றாவது கியரில், ஏ.சி. போட்டு, ஆள் நிறைய ஏற்றி மலையில் மிதித்தால் அது திணறத்தான் செய்யும். எஸ் வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறக்குங்கள், ஏ.சி.யை அணையுங்கள்.

சோதனை ஓட்டத்தைச் சமதளத்தில் முடித்துவிடாதீர்கள், நாங்கள் செய்த தப்பு அதுதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாடியே கோட்டைவாசல் வரை ஏறி இறங்கிப் பாருங்கள். குற்றால சீசனிலும் சபரிமலை சீசனிலும் பட்டறையில் கூட்டமாக இருக்கும், அதற்கும் நாள் வேண்டும்.

திரும்பும்போது வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்: ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும், வைக்கோல், தவிட்டு மூட்டை பக்கத்தில் நிறுத்த வேண்டாம், வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள் என்று. எங்கள் வீட்டில் அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் திறந்து பார்க்கிறாள், பார்த்துவிட்டு வீடியோ காலில் எனக்கும் காட்டுகிறாள்.