ஆய்விதழ் மீதரவு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

புதிதாக ஆய்விதழ் தொடங்கிய குழுவினர் சிலர் சென்ற மாதம் தங்கள் முதல் இதழைக் காட்டினார்கள். அட்டை அழகு, பக்க அமைப்பு அதைவிட அழகு. நான் பிடிஎஃப் கோப்புகளைத் திறக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் கிராஸ்ரெஃப் அமைப்பில் அவர்கள் பதிந்திருந்த மீதரவை, அதாவது கட்டுரையைப் பற்றிய விவரப் பதிவை, திறந்தேன். தலைப்பு இருந்தது, முதல் கட்டுரையாளரின் பெயர் இருந்தது, டிஓஐ எனப்படும் நிரந்தர அடையாள எண் இருந்தது. மற்ற கட்டங்கள் எல்லாம் காலி. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் பதிந்தவையும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன.

எழுத்துப் பிழை பாருங்கள், தேதியைச் சரிபாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடப்பவற்றைப் பற்றித்தான் பேச்சு.

உரிமத்தை மனிதர் கண்ணுக்கு மட்டும் எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எங்கள் இதழ் முதல் நாளிலிருந்தே திறந்த அணுகல் இதழ். ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்க அடியிலும் ‘சிசி பை 4.0’ என்று அச்சிட்டோம்; எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் மறுபயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அது. கொள்கைப் பக்கத்திலும் விரிவாக எழுதிவைத்தோம். இனி என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

ஆறு ஆண்டுகள் கழித்துக் கட்டுரையாளர் ஒருவரிடமிருந்து கோபமான மின்னஞ்சல் வந்தது. கட்டுரை சிசி பை உரிமத்தில் வெளிவர வேண்டும் என்பது அவருக்கு நிதி தந்த அமைப்பின் நிபந்தனை. அவர்களுடைய சோதனையில் எங்கள் கட்டுரை ‘வெண்கலம்’ என்று வந்திருந்தது. அதாவது இலவசமாகப் படிக்கலாம். மறுபயன்பாட்டுக்கு என்ன உரிமம் என்பது தெரியவில்லை. அவருடைய அறிக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தவறு முழுக்க என்னுடையது. கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும் கோப்பில் உரிமத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதை நான் ஒருமுறைகூட நிரப்பியதில்லை. சில சேவைகள் இணையப் பக்கத்தைத் துருவி உரிமத்தை ஊகிக்கப் பார்க்கும். அந்த ஊகத்தை நம்பி இதழ் நடத்த முடியாது.

அவசர அவசரமாக 200க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திருத்தினேன். அதிலும் இரண்டு விஷயங்களில் கோட்டைவிட்டேன். கட்டத்தில் எங்கள் கொள்கைப் பக்கத்தின் முகவரியை இட்டேன். அங்கே இருக்க வேண்டியது கிரியேட்டிவ் காமன்ஸ் தளத்தில் அந்த உரிமத்துக்கென உள்ள முகவரி. எங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளும் பொறுமை எந்த நிரலுக்கு இருக்கிறது? அடுத்தது, உரிமம் தொடங்கும் நாள். கட்டுரை வெளியான நாளை இடாமல் நான் திருத்திய நாளை இட்டேன். விளைவு, ஆறு ஆண்டுகள் பூட்டிவைத்துவிட்டு நேற்றுதான் திறந்தோம் என்று பதிவே சாட்சி சொன்னது. மூன்றாம் முறைதான் ஒழுங்காக முடிந்தது. நல்லவேளை, பதிந்ததைத் திருத்த கிராஸ்ரெஃப் கட்டணம் கேட்பதில்லை.

இதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். அமைப்புப் பக்கத்தில் உரிமத்தை மாற்றினால் இனி வெளியாகும் கட்டுரைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். பழையவற்றுக்கு, கட்டுரைகளின் அனுமதிகளை மீளமைக்கும் பொத்தான் தனியே இருக்கிறது. அதை அழுத்திய பிறகு அவற்றை மீண்டும் கிராஸ்ரெஃபுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ‘மாற்றிவிட்டோமே’ என்று சொல்பவர்களை மாதம் ஒருவராவது சந்திக்கிறேன்.

ஆர்க்கிட் எண்ணைத் தேடிப் பிடித்து இடுவது

ஆய்வாளரை அடையாளம் காட்டும், பதினாறு இடங்கள் கொண்ட எண் இது; கடைசி இடம் சரிபார்ப்புக்கானது. தட்டச்சுப் பிழையை அது காட்டிக்கொடுத்துவிடும், ஆள் மாறாட்டத்தைக் காட்டிக்கொடுக்காது. ஒருமுறை பெயரைத் தேடி, முதலில் வந்த எண்ணை எடுத்து ஒட்டினேன். மண்ணியல் கட்டுரை ஒரு பல் மருத்துவரின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கட்டுரையாளரே தம் கணக்கில் உள்நுழைந்து ஒப்புதல் தரட்டும். மற்ற எந்த வழியும் வேண்டாம்.

பெயரை வலிந்து இரண்டாக வெட்டுவது

குடும்பப் பெயர் இல்லாத மக்கள் உலகில் ஏராளம். கிராஸ்ரெஃப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், முதற்பெயர் கட்டாயமில்லை. ஒற்றைப் பெயர் என்றால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டு மற்றதை விட்டுவிடுங்கள். புள்ளி வைத்து நிரப்புவது, அதே பெயரை இருமுறை எழுதுவது போன்ற வித்தைகளால் ஒருவரே மூன்று பேராகிவிடுகிறார்.

நிறுவனத்தை வெறும் சொற்களாக விடுவது

ஒரே பல்கலைக்கழகத்தைப் பத்து விதமாக எழுதுகிறார்கள். ஆய்வு நிறுவனங்களுக்கென 2019இல் வந்த ஆர்ஓஆர் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் பத்தும் ஒன்றாகிவிடும். இலவசம்தான்.

மேற்கோள் பட்டியலை அனுப்பாமல் விடுவது

மேற்கோள்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 2017இல் ஓர் இயக்கமே தொடங்கியது. 2022 ஜூன் முதல், கிராஸ்ரெஃபுக்கு வந்த மேற்கோள்கள் அனைத்தும் திறந்தே இருக்கின்றன. ஆய்வுத் தகவல் திறந்திருப்பதே இயல்பு நிலையாக வேண்டும் என்கிறது 2024 ஏப்ரலில் வெளியான பார்சிலோனா பிரகடனம். எல்லாம் சரி, நாம் பட்டியலையே அனுப்பாவிட்டால் எதைத் திறப்பார்கள்? ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் திரட்டித் தரும் ஓப்பன்அலெக்ஸ் போன்ற திறந்த தளங்களுக்கு கிராஸ்ரெஃப் ஒரு முக்கிய ஊற்று. அங்கே நாம் விட்ட வெற்றிடம் அங்கிருந்து எடுப்பவர்களிடமெல்லாம் வெற்றிடமாகவே போய்ச் சேர்கிறது.

ஆய்வுச் சுருக்கத்தை விட்டுவிடுவது

கையில் இருக்கிறதே, அனுப்புங்கள்.

தலைப்பு முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பதிவது

கூடாது.

தளம் மாறிய பின் முகவரியை மாற்றாதது

டிஓஐ நிரந்தரம்தான். அது சுட்டும் முகவரியைப் புதுப்பிப்பது நம் வேலை. மாற்றாவிட்டால், நிரந்தரமாக ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்புக்கே அழைத்துச் செல்லும்.

இவை அனைத்தையும் அந்தக் குழுவினரிடமும் சொன்னேன். பொறுமையாகக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?”