‘லேட்’ என்ற சொல்லை எங்கே வைப்பது

கும்பகோணத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். காலையிலும் மாலையிலும் மாணவர்கள் வருவார்கள். இடைப்பட்ட நேரத்தில் மனு, உறுதிமொழிப் பத்திரம், வங்கிக் கடிதம் என்று ஜாப் டைப்பிங். இத்தனை வருடங்களில் என் விரல்கள் அதிகம் அடித்த ஆங்கிலப் பெயரடை ‘லேட்’தான். ‘பஸ் லேட்’, ‘ஆபீசுக்கு லேட்’ என்று தினமும் புழங்குவதால் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்போலத் தோன்றும். ஆனால் அது உட்காரும் இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். அந்த இடத்தைக் கண்டுகொள்வது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த முதல் வருடம். கணவரை இழந்த ஓர் அம்மா, மகனோடு வந்தார். இறந்தவரின் கணக்கில் இருந்த பணத்தைக் கேட்டு வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும். மகன் பெயர், அடுத்து ‘சன் ஆஃப்’, அதன்பின் ‘தி லேட்’, கடைசியில் தந்தை பெயர். வரிசை அப்படித்தான் வந்திருக்க வேண்டும். நான் ‘லேட்’டை மகன் பெயருக்கு முன்னால் அடித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்துத் தாளோடு திரும்பி வந்தார். “ஏம்மா, என் பிள்ளை என் பக்கத்திலேயே நிற்கிறானே, அவனைப் போய் இறந்தவன் என்று எழுதியிருக்கிறதாமே?” என்றார். வேறு தாளில் அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் வரும் ஒவ்வொரு தாளிலும் அதன்மேல் விரலை வைத்து, “இதற்கு அடுத்து வரும் பெயர்தானே இறந்தவர் பெயர்?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன். வாரிசுச் சான்றிதழ் மனு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் எதுவானாலும் நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

இறந்தவரைக் குறிக்கும் ‘லேட்’ எப்போதும் பெயருக்கோ உறவுச் சொல்லுக்கோ பதவிச் சொல்லுக்கோ முன்னால் நிற்கும். அதற்கும் முன்னால் ‘தி’ அல்லது ‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ போன்ற ஒன்று வேண்டும். ‘மை லேட் ஃபாதர்’ என்றால் ‘என் மறைந்த தந்தை’. படிவங்களில் இடம் போதாததால் ‘தி’யை விட்டுவிடுகிறார்கள், கடிதத்தில் விடாதீர்கள். ‘விடோ ஆஃப் தி லேட்’ என்று எழுதுவதும் வேண்டாம். ‘விடோ’ என்ற சொல்லே கணவர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘விடோ ஆஃப்’ என்றோ ‘வைஃப் ஆஃப் தி லேட்’ என்றோ இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

யாருக்கு இதைச் சேர்க்கலாம்? இறந்து அதிக காலம் ஆகாதவருக்கு, பார்த்தவர்களும் பழகியவர்களும் இன்னும் இருப்பவருக்கு. 2022 செப்டம்பரில் மறைந்த இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தை ‘தி லேட் குவீன்’ என்று எழுதுகிறார்கள். ராஜராஜ சோழனுக்கோ ஷேக்ஸ்பியருக்கோ அப்படி எழுதுவதில்லை. அவர்கள் உயிரோடு இல்லை என்பதை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? இன்னொன்று: ஒருவர் உயிரோடு இருந்தபோது செய்ததைச் சொல்லும் வாக்கியத்தில் இந்தச் சொல் நெருடும். ‘என் லேட் தந்தை 1990இல் இந்த வீட்டை வாங்கினார்’ என்று எழுதினால், வாங்கும்போதே அவர் மறைந்தவர்போல் ஒலிக்கும். அங்கே ‘என் தந்தை’ போதும்.

தாமதத்தைக் குறிக்கும் சொல் இறப்புக்கு எப்படி வந்தது என்று மாணவிகள் கேட்பதுண்டு. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ‘மெதுவான, மந்தமான’ என்று பொருள். அதிலிருந்து ‘நேரம் கழித்து’ என்ற பொருள் வந்தது. பிறகு ‘அண்மையில்’ என்ற பொருளும் சேர்ந்தது. ‘அண்மைக்காலம்வரை இருந்தவர்’ என்ற வழியில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘மறைந்த’ என்ற பொருள் தோன்றியது. நம் ‘தாமதம்’ வந்த வழியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முக்குணங்களில் ஒன்றாக, மந்தத்தையும் சோம்பலையும் குறித்த சொல் அது. இறப்புக்குக் காலத்தைக் கொண்டு பேசுவதும் நமக்குப் புதிதல்ல. ‘காலமானார்’, ‘காலஞ்சென்றவர்’ என்று நாம் சொல்லவில்லையா? எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு யாரும் அந்தப் பொருளை மறந்து நான் பார்த்ததில்லை.

இனி வினைக்குப் பின்னால் வரும் ‘லேட்’. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்று எழுதினால் ‘அப்பா இன்னும் வந்து சேரவில்லை’ என்றுதான் பொருள். இறந்துவிட்டார் என்று ஆகாது. இறப்பைச் சொல்ல அங்கே வேறு சொல் வேண்டும். (போட்ஸ்வானா போன்ற, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் லேட்’ என்றால் இறந்துவிட்டார் என்றே பொருள். அது அந்த ஊர் வழக்கு. நம் கடிதங்களுக்கு உதவாது.) ஆள் இல்லாமல் ‘இட் இஸ் லேட்’ என்று வந்தால், நாம் ‘நேரமாயிற்று’ என்று சொல்வதுதான். விருந்தினர் எழுந்து விடைபெறும்போது சொல்வது.

வேலைக்கு, பள்ளிக்கு, கல்யாணத்துக்கு என்று சொல்லும்போது ‘லேட் ஃபார்’ என்று எழுதுங்கள். எவ்வளவு தாமதம் என்பதைச் சொல்லுக்கு முன்னாலேயே வைக்கலாம்: ‘ஃபார்ட்டி மினிட்ஸ் லேட்’. வாடகை, தவணை போன்றவற்றைக் கட்டத் தவறியவருக்கு ‘லேட் வித்’.

விடுப்புக் கடிதங்களில் நான் அதிகம் திருத்தும் பிழை ‘லேட்லி’. மற்ற பெயரடைகளோடு ‘லி’ சேர்த்து வினையடை ஆக்கிப் பழகிய பிள்ளைகள், ‘தாமதமாக வந்தேன்’ என்பதற்கு ‘ஐ கேம் லேட்லி’ என்று எழுதுகிறார்கள். ‘லேட்லி’க்கு ‘சமீப காலமாக’ என்று பொருள். ‘சமீப காலமாக அவருக்கு உடம்பு சரியில்லை’ என்பது போன்ற வாக்கியத்தில்தான் அது வரும். தாமதமாக வந்ததைச் சொல்ல ‘ஐ கேம் லேட்’ போதும். பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே வடிவம்தான்.

காலப்பகுதியின் கடைசிப் பாகத்துக்கும் இதே சொல். ‘லேட் ஃபார்ட்டீஸ்’ என்றால் வயது ஏறக்குறைய 47 முதல் 49. ‘லேட் 1960ஸ்’ என்றால் அந்தப் பத்தாண்டின் இறுதி. இங்கே தாமதமும் இல்லை, இறப்பும் இல்லை. ‘லேட்’டோடு ‘லேட்டர்’ என்பதைக் குழப்பிக்கொள்ளாதிருக்க எங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. சங்ககாலச் சோழரோடு ஒப்பிட்டு, 9ஆம் நூற்றாண்டில் விஜயாலயனிலிருந்து தொடங்கியவர்களைப் பிற்காலச் சோழர் என்கிறோம். அந்த ஒப்பீட்டுக்கு ‘லேட்டர்’. அந்தச் சோழர் ஆட்சிக்குள்ளேயே அதன் கடைசிப் பகுதியைக் குறிக்க ‘லேட்’. திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் அந்தக் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் ‘லேட்டர்’, ஒன்றுக்குள்ளேயே அதன் முடிவுப்பகுதி என்றால் ‘லேட்’. சொன்ன இரண்டில் பின்னதைக் குறிக்கும் ‘லாட்டர்’ வேறு சொல். எழுத்திலும் ஒலிப்பிலும் வேறுபடும்.

‘லேட்டஸ்ட் பை ஃப்ரைடே’ என்று நம் அலுவலகங்களில் எழுதுகிறார்கள். ‘பை ஃப்ரைடே அட் தி லேட்டஸ்ட்’ என்பதே பொதுவான ஆங்கில வழக்கு. வெளிநாட்டுக்குப் போகும் கடிதமானால் இதையே எழுதுங்கள்.

‘லேட்டஸ்ட்’டும் ‘லாஸ்ட்’டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஆனாலும் ‘லாஸ்ட்’ என்றால் இதற்குப் பின் வேறு இல்லை என்ற பொருளும் வரும். ‘லேட்டஸ்ட்’ என்றால் இதுவரை வந்தவற்றில் புதியது. போன மாதம் ஒரு வாசகர் வட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தேன். மூத்த எழுத்தாளர் ஒருவரின் புதிய புத்தகத்தை ‘லாஸ்ட் புக்’ என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ‘லேட்டஸ்ட்’ என்று மாற்றி அடித்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன்.