கோதுமை இல்லாமல் ஒரு சின்ன ஆப்பிள் கிரம்பிள்

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏதாவது பேக் செய்ய வேண்டுமென்றால் கேக்கை விட்டுவிட்டு, பழத்தின் மேல் உதிரி மாவு தூவி பேக் செய்யும் கிரம்பிளில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் கேக் உப்பி நிற்க குளூட்டனின் பிடிப்பு உதவும், கிரம்பிளோ உதிர்ந்தால்தான் ருசி. இரண்டு பேருக்கு ஒரு பெரிய ஆப்பிள் போதும். பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி, ஓவனில் வைக்கக்கூடிய இரண்டு சின்னக் கிண்ணங்களில் போடுங்கள். கார்ன்ஃப்ளாரை விட்டுவிடாதீர்கள், பழம் விடும் சாற்றை அதுதான் கெட்டியாக்கும், இல்லையென்றால் மேலே போடும் மாவு ஊறிக் கூழாகிவிடும்.

அப்புறம் மேல்மாவு: 30 கிராம் பாதாம் மாவு, 20 கிராம் அரிசி மாவு, 20 கிராம் சர்க்கரை, சிட்டிகை உப்பு, 25 கிராம் குளிர்ந்த வெண்ணெய். விரல் நுனியால் உதிரியாகப் பிசறுங்கள், பிசைய வேண்டாம். அரிசி மாவு மட்டும் போட்டால் நறநறவென்று இருக்கும், பாதாம்தான் அதைச் சரிக்கட்டும். இதைப் பழத்தின் மேல் தூவி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம், ஓரத்தில் சாறு கொதித்து மேலே பொன்னிறமாகும் வரை. ஓட்ஸ் சேர்க்க ஆசையா? சரி, ஆனால் குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், சாதாரண ஓட்ஸில் வயலிலோ ஆலையிலோ கோதுமை கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.