முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் வேறு நிறுவனம்: ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றும் முறை

ஸ்போர்ட்ஸ் காரின் நான்கு சக்கரங்களிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் டயர் இருப்பதே முறை. ஆனால் பின்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் பின் டயர்கள் முன்னவற்றைக் காட்டிலும் விரைவாகத் தேய்கின்றன. 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, பெரிய அளவு டயர்கள் வேண்டிய நேரத்தில் வேண்டிய மாடலில் கிடைப்பதும் எளிதாக இல்லை. போர்ஷே 911 கரேராவின் 20 அங்குலப் பின் டயரை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கேட்டால், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவழைத்துத்தான் தருவார்கள். அப்போது முன்னால் இருக்கும் நிறுவனத்தை விட்டுவிட்டு, கையிருப்பில் உள்ள வேறொன்றைப் பின்னால் மாட்டலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. மாட்டலாம், ஆனால் சில எல்லைகளுக்குள் மட்டுமே.

முதல் எல்லைக்கு விதிவிலக்கே கிடையாது. ஒரே அச்சின் இடது, வலது சக்கரங்களில் நிறுவனம், மாடல், அளவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தேய்மானமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே ஒரு பின் டயர் வெடித்துவிட்டது என்பதற்காக அந்த ஒன்றை மட்டும் வேறு நிறுவனத்தில் வாங்கக் கூடாது. இரண்டாக வாங்க வேண்டும்.

இரண்டாவது எல்லை நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார்களுக்கு உரியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சக்தியைப் பங்கிடும் அமைப்பு, டயர்களின் சுற்றளவு விகிதம் மாறாது என்ற கணக்கில் செய்யப்பட்டது. ஏறத்தாழ 68 செ.மீ. விட்டமுள்ள டயரில் பட்டன் (சாலையைத் தொடும் மேற்பகுதியின் வரிப்பள்ளம்) 3 மி.மீ. தேய்ந்தால், அது புதிய டயரைக் காட்டிலும் கிலோமீட்டருக்கு நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்வதற்குள் இந்த வேறுபாடு இருநூற்றைம்பது சுற்றைத் தாண்டிவிடும். இந்த வேறுபாட்டால் எழும் உரசல் முழுவதையும் சக்தியைப் பங்கிடும் அமைப்பின் கிளட்ச் தட்டுகள் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரே அளவு எண் அச்சிடப்பட்டிருந்தாலும் இரு நிறுவனங்களின் டயர்கள் உண்மையான சுற்றளவில் சற்று வேறுபடும் என்பதால், இத்தகைய கார்களில் நிறுவனம் கலப்பதைத் தவிர்த்துவிடுவதே நல்லது. டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை கியர் பெட்டியில் செலவழிக்க நேரலாம்.

இனி, பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள காரைப் பார்ப்போம். எந்த அச்சுக்கு எது என்பதில்தான் பெரும்பாலோர் தவறான பக்கம் சாய்கிறார்கள். பின் டயர் அகலமானது, விலை கூடியது, அடிக்கடி மாற்ற வேண்டியது. எனவே பின்னால் மலிவானதைப் போட்டுவிட்டு, முன்னால் உயர்ந்த டயரை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இது தலைகீழான கணக்கு. முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் வளைவில் எதிர்பார்த்ததைவிட வெளியே தள்ளிப் போகும். ஸ்டீயரிங் இலேசாவதைக் கை உணரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் பிடிப்பை இழக்கும்போது அத்தகைய முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. அதோடு, பயந்து காலை எடுப்பதே பின்பகுதியை இன்னும் வீசியெறியும். ஆகவே இரு நிறுவனங்களைக் கலக்கும்போது, ஈரத்தில் பிடிப்பு கூடிய டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு காப்பாற்றும் என்று நினைப்பவர்கள், அந்த அமைப்பும் டயரின் பிடிப்பைக் கொண்டுதான் வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த விதிக்குக் கூடுதல் கனம் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போக நெல்லும் விளையும்படி தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையையும் பெறும் ஊர் இது. ஆண்டில் பல மாதங்கள் சாலை நனைந்தே இருக்கும். களியக்காவிளையிலிருந்து தக்கலை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலையின் வளைவுகளில் நீர் தேங்கும்போது, பட்டன் ஆழமுள்ள முன் டயர்கள் நீரைக் கிழித்துக் கடந்துவிட, தேய்ந்த பின் டயர்கள் அதே நீரின் மேல் மிதக்கத் தொடங்கினால், ஓட்டுநருக்கு விளங்குவதற்குள் கார் குறுக்கே திரும்பியிருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் ஈரமான சருகும், பாறைப்பொடி லாரிகள் சிந்திய மணலும் சேர்ந்துகொள்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலைகளைச் சுழற்றும் பக்கக்காற்று வேறு. முன் டயரின் பக்கச்சுவர் விறைப்பாகவும் பின் டயரின் பக்கச்சுவர் மென்மையாகவும் இருந்தால், அந்தக் காற்றில் கார் நேராகப் போக மறுத்து அலையும். ஸ்டீயரிங்கைத் திருத்தியபடியே ஓட்ட வேண்டியிருக்கும்.

(நம் தோட்டத்து ரப்பரில்தான் இந்த டயர்கள் ஓடுகின்றன என்று பெருமைப்படுவோர் உண்டு. ஆனால் ஸ்போர்ட்ஸ் டயரில் சாலையைத் தொடும் மேற்பகுதி பெரும்பாலும் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் கலந்தது. அந்தக் கலவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால்தான் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.)

தேர்வு செய்யும்போது நிறுவனத்தின் பெயரைவிட டயரின் வகையைப் பாருங்கள். முன்னால் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் இருந்தால், பின்னால் பிரெல்லி பி ஜீரோ, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் போன்ற அதே தரத்து டயரைத் தேடலாம். அதே மிஷெலினின் நெடும்பயண டயரைப் போடுவதைவிட அது மேல். பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயரையும் சாதாரண டயரையும் கலக்கக் கூடாது. இரண்டின் பக்கச்சுவர் விறைப்பும் வெகுவாக வேறுபடும். பக்கச்சுவரில் பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேக்கு 'என்' எழுத்துடன் ஓர் எண், மெர்சிடிஸுக்கு 'எம்ஓ' போன்ற குறிகள் இருக்கும். அந்தந்தக் காருக்கென்று சீர்செய்து ஒப்புதல் பெற்றதற்கான அடையாளங்கள் இவை. இவை உள்ள டயர் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே போகக் கூடாது.

தயாரிப்புத் தேதியைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட நீங்களே படித்துக்கொள்வது மேல். பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அரிதாக விற்கும் அளவுகள் கிடங்கில் பழசாகிப்போய் வருவதுண்டு என்பதால், பணம் கொடுக்கும் முன்பே நான்கு இலக்கங்களின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். முன் டயரில் மிச்சமுள்ள பட்டனையும் அளவியால் அளந்துகொள்ள வேண்டும். சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. என்றாலும், 3 மி.மீட்டருக்குக் கீழே போனதும் மழையில் பிடிப்பு நன்றாகவே குறைந்துவிடும். அந்த நிலையில் இருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள், கலப்பு என்ற பேச்சே வேண்டாம்.

மாட்டியபின் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் செய்துவிட்டு, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் வையுங்கள். புதிய டயரின் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழவழப்பு இருக்கும் என்பதால், முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டவும். அதன்பின் நடத்தையைச் சோதிக்க விரும்பினால், போக்குவரத்து இல்லாத அகலமான இடத்தில், குறைந்த வேகத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். பின்பகுதி தாமதமாகப் பின்தொடர்வதுபோலத் தெரிந்தால், பின் அழுத்தத்தை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டலாம். பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அதற்கும் சரியாகாவிட்டால், அந்தக் கலவை உங்கள் காருக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு, பின்னால் போட்ட அதே மாடலை முன்னாலும் வாங்கிவிட வேண்டும். பொருந்தினாலும், முன் டயர்கள் தேய்ந்து முடியும் நாளில் வாங்க வேண்டியது அந்த மாடலையே. முன்னும் பின்னும் அளவு வேறுபடும் கார்களில் டயர்களை இடம் மாற்றி ஓட்டி அந்த நாளைத் தள்ளிப்போட முடியாது என்பதால், பின் டயர் ரசீதின் ஓரத்தில் மாடல் பெயரையும் ஒப்புதல் குறியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.