பழைய கணினியிலிருந்து புதியதற்கு: கோப்புகளோடு தமிழ் எழுத்துருக்களையும் கொண்டுபோவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனதால், அதன் பிறகு பல வீடுகளில் புது மடிக்கணினி வந்திறங்கியது. எங்கள் வீட்டிலும் ஒன்று. படத்தையும் பாட்டையும் காப்பி செய்ய யாருக்கும் பாடம் வேண்டாம். ஆனால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு வெளியே ஒளிந்திருக்கும் எழுத்துரு, பாஸ்வேர்டு, மெயில், கணக்கு இதெல்லாம்தான் பிற்பாடு காலை வாரும். இந்தப் பதிவு அவற்றுக்காக. இரண்டு கணினியிலும் விண்டோஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதில் எடுத்துப்போவது

என் ஓட்டு வெளியே செருகும் எஸ்எஸ்டிக்குத்தான். பென் டிரைவ் வேண்டாம். மெதுவாக இருக்கும் என்பதோடு, பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. கல்யாண வீடியோ ஒன்று போதும், அங்கேயே நின்றுவிடும். வேறு வழியில்லை என்றால் பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் அதை வேறெங்காவது எடுத்து வையுங்கள். அப்புறம், சாதாரண யுஎஸ்பி ஒயரை இரண்டு பக்கமும் செருகி கணினிகளை இணைக்கப் பார்க்காதீர்கள். அது அதற்கான ஒயர் இல்லை.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பேக்கப் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். வால்பேப்பர், வைஃபை பாஸ்வேர்டு போன்ற செட்டிங்ஸுக்கு நல்லது. கோப்புகளை அது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் ஏற்றும். அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். அதில் எந்தக் குடும்பத்தின் படங்கள் அடங்கும்?

காப்பி செய்யும் முன் ஒன்டிரைவைப் பாருங்கள்

இந்த இடத்தில் நிதானம் தேவை. பலருடைய டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அவர்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். கோப்பின் பக்கத்தில் சின்ன மேகப் படம் தெரிந்தால், அந்தக் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். அதில் சைஸ் என்று ஒரு வரி, சைஸ் ஆன் டிஸ்க் என்று இன்னொரு வரி. முதலாவது 40 ஜிபி என்றும் இரண்டாவது அதில் சொற்பமாகவும் காட்டினால், மிச்சமெல்லாம் இணையத்தில் கிடக்கிறது என்று பொருள். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வரும்வரை காத்திருங்கள். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் நல்லது. அப்புறம்தான் காப்பி.

கட் கொடுக்கவே கொடுக்காதீர்கள், காப்பி மட்டும். நான் டெராகாப்பி என்ற காப்பி மென்பொருளைத்தான் பயன்படுத்துவேன். காப்பி ஆனது சரிதானா என்று அதுவே ஒப்பிட்டுச் சொல்லும்.

தமிழ் எழுத்துருக்கள்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முன்பு தட்டச்சு செய்த கோப்பு உங்களிடம் ஒன்றாவது இருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் கூளம். ஆகவே கோப்போடு எழுத்துருவும் போயாக வேண்டும்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் இருப்பது தெரிந்ததுதான். தெரியாதது இரண்டாவது இடம். 2018-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, வெறுமனே இன்ஸ்டால் அழுத்திப் போட்ட எழுத்துரு அந்தப் பயனரின் கணக்கில் மட்டும் சேரும். அது கிடக்கும் இடம்: யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். இரண்டு இடத்திலிருந்தும் தமிழ் எழுத்துருக்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். புதியதில் போடும்போது ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய மென்பொருள்கள் சிலவற்றின் பட்டியலில் அவை வராது.

யூனிகோடுக்கு மாறிவிட்டேன், எனக்கென்ன என்பவர்களுக்கும் ஒன்று. லதா எழுத்துரு இப்போது விண்டோஸில் தானாக இருப்பதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வரும். சேர்க்காவிட்டால் வேர்டு அந்த இடத்தில் வேறு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். வரி உடையும், பக்க எண் மாறும். முக்கியமான ஆவணத்தைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக எடுத்துவைத்துக்கொண்டு ஒப்பிடுவது புத்திசாலித்தனம்.

தமிழில் தட்டச்சு செய்ய என்.ஹெச்.எம். ரைட்டர், அழகி என்று எந்த மென்பொருள் பழக்கமோ அதைப் புதிதாக நிறுவுங்கள். பழைய புரோகிராம் ஃபோல்டரைக் காப்பி செய்து வேலை செய்யவைக்கப் பார்க்க வேண்டாம். தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் விண்டோஸ் 11-இலேயே இருக்கின்றன, எனக்கு அதுவே போதும்.

உலாவி, மெயில்

குரோமில் சிங்க் (எல்லாவற்றையும் கூகுள் கணக்கிலும் சேமிக்கும் வசதி) போட்டிருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தால் முடிந்தது. குரோம் ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாஸ்வேர்டுகள் வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. பாஸ்வேர்டுகளைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால், அதை யார் திறந்தாலும் எல்லாம் பச்சையாகத் தெரியும். புதிய கணினியில் இறக்கியதும் அந்தக் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு மெயில் நிரல் இரண்டும் பரம சாது. புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்துப்போகலாம், காப்பி செய்யும்போது நிரல் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய அவுட்லுக்கில் மெயில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி கோப்பை எடுங்கள், ஓஎஸ்டி (சர்வரில் இருப்பதன் நகல்) வேண்டாம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுக் கேட்டவர்களால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை எடுத்தால் மட்டும் போதாது. பழைய கணினியில் லைசென்ஸை சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

இன்னொன்று, பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் படிக்க நினைப்பவர்களுக்கு. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று, பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.