"சேர்க்கை சரியில்லை" என்று முடிவு கட்டும் முன்

பிள்ளை வகுப்புக்கு மட்டம் போட்டால், எதிர்த்துப் பேசினால், நாம் உடனே சொல்வது "சேர்க்கை சரியில்லை" என்பதுதான். சேர்க்கைக்குப் பங்கு இல்லாமல் இல்லை. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட மிகவும் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். ஆனாலும் பழி முழுவதையும் நண்பர்கள் தலையில் போடுவது தவறு.

"போனை வை" என்கிறார் அம்மா. மகள் முறைக்கிறாள். அம்மாவின் குரல் உயர்கிறது, மகளின் குரல் அதற்கும் மேலே போகிறது. அறைக்கதவு படாரென்று சாத்தப்படுகிறது. களைத்துப்போன அம்மா, "என்னவோ பண்ணித் தொலை" என்று விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று மகளுக்குப் பிடிபட்டுவிட்டது. இன்னொரு நாள் அம்மா இன்னும் பலமாகக் கத்தி அவளை அடக்கினால், அம்மாவும் அதையேதான் கற்றுக்கொள்கிறார். உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் வீடுகளில் நேரில் கவனித்து விளக்கிய சுழல் இது. வீட்டில் பழகிய இந்தச் சண்டை பள்ளிக்கும் போகிறது. சக மாணவர்கள் ஒதுக்குகிறார்கள். அப்புறம், அதேபோல் ஒதுக்கப்பட்ட இன்னொரு பிள்ளைதான் நட்புக்குக் கிடைக்கிறது. நாம் குறை சொல்லும் சேர்க்கை பல நேரம் இப்படித்தான் அமைகிறது.

எனவே எடுத்ததற்கெல்லாம் "கூடாது" என்று சொல்லாதீர்கள். சொன்னால், குரலை உயர்த்தாமல் அதில் நில்லுங்கள்.

அடுத்த தவறு, வேவு பார்ப்பது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஸ்டாட்டின், கெர் இருவரும் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. பெற்றோருக்குத் தெரிந்திருந்தவற்றில் பெரும்பகுதி கேள்வி கேட்டோ கட்டுப்பாடு போட்டோ கிடைத்ததல்ல. பிள்ளைகள் தாங்களாகச் சொன்னது. "நேற்று அவன் சிகரெட் பிடித்தான்" என்று நண்பனைப் பற்றி மகன் சொல்லும் அந்த நொடி அவ்வளவு முக்கியம். "இனிமேல் அவனோடு பேசாதே" என்று பாய்ந்தால், அடுத்த முறை சொல்லவே மாட்டான். நட்பும் முறியாது, மறைவாகத் தொடரும். "சரி, அப்போது நீ என்ன செய்தாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பிரச்சினை செய்யும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்காரவைத்துத் திருத்தப் பார்ப்பதும் சில நேரம் எதிராகவே முடிகிறது. ஒருவன் விதிமீறலைப் பெருமையாகச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடும். உளவியலாளர் டிஷியன் குழுவினர் 1999-இலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். விளையாட்டோ இசையோ, பலதரப்பட்ட பிள்ளைகள் கலந்திருக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.