எலிஜிபிளா, குவாலிஃபைடா? விண்ணப்பம் போடும் முன் ஒரு சொல்லைப் படிப்போம்

இந்தியக் கடலோரக் காவல்படையில் நாவிக், அதாவது மாலுமி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது "அண்ணே, நான் எலிஜிபிளா?" என்றுதான். இந்தச் சொல் பிடிபடாமல் விண்ணப்பமே போடாமல் விடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

முதலில் பொருள். ஒன்றைக் கேட்கவோ பெறவோ விதிப்படி தகுதி இருந்தால் எலிஜிபிள். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடை எது, சோழகம் எது என்று முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லிவிடும் பிள்ளையாக இருக்கலாம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படிக்கவில்லையென்றால் நாவிக் ஜெனரல் டியூட்டி என்ற பொதுப்பணிப் பிரிவுக்கு அவன் எலிஜிபிள் இல்லை. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சமையல், பரிமாறல் போன்ற வேலைகளுக்கான டொமஸ்டிக் பிராஞ்சுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

அடுத்து, குவாலிஃபைட். தேவையான படிப்போ பயிற்சியோ முடித்தவரைச் சொல்வது இது. கணிதம், இயற்பியலோடு பிளஸ் டூ முடித்தவருக்கு வயது வரம்பான 22 தாண்டிவிட்டது, சலுகையும் இல்லை என்று வையுங்கள். படிப்பில் குவாலிஃபைட், ஆனால் எலிஜிபிள் இல்லை.

வாக்கியத்தில் போடுவது சுலபம். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'ஃபார்': ஐ ஆம் எலிஜிபிள் ஃபார் திஸ் போஸ்ட். வினைச்சொல் வந்தால் 'டு': ஷீ இஸ் எலிஜிபிள் டு வோட். தகுதி இல்லையென்றால் நாட் எலிஜிபிள், அல்லது ஒரே சொல்லாக இன்எலிஜிபிள்.

சரி, இப்போது அறிவிப்பைத் திறந்து 'எலிஜிபிலிட்டி' என்ற தலைப்பைத் தேடுங்கள். இங்கே நிதானம் வேண்டும். பிறந்த தேதி இன்னதிலிருந்து இன்னது வரை என்று போட்டு, 'போத் டேட்ஸ் இன்க்ளூசிவ்' என்றிருக்கும். அந்த இரண்டு தேதிகளில் பிறந்தவர்களும் சேர்த்தி என்று அர்த்தம். 'ரிலாக்சேஷன்' என்பது வயதுச் சலுகை: எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டு, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு. அந்தப் பிரிவுக்கு இடம் ஒதுக்கியிருந்தால்தான் இது கிடைக்கும்; அந்த வரியை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, நம்மூரில் வாங்கிய எம்.பி.சி. சான்றிதழை அப்படியே வைத்தால் ஏற்கமாட்டார்கள். மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள், கைக்கு வரச் சில நாள் ஆகும்.

அப்புறம், எலிஜிபிள் வேறு, செலக்டட் வேறு. எலிஜிபிள் என்றால் தேர்வு எழுத விடுவார்கள், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வு முடிந்ததும் 7 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 20 முறை உட்கார்ந்து எழுந்திருத்தல், 10 தண்டால் இருக்கின்றன. விதிகள் மாறக்கூடும் என்பதால், போன வருடத்து அறிவிப்பை நம்பாமல் புதிதாக வந்ததையே படியுங்கள்.